கட்டியக்காரன் சொன்னதும் நான் எழுதியதும்

1. வாய் கூசிய நாள்

மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்த வருடங்களில் அடிதடி, திருட்டு, சாராயம், சூதாட்டம் என்று எத்தனையோ கேஸ் கட்டுகளைப் பிரித்துப் படித்திருக்கிறேன். படிக்கும்போது வாய் கூசியது ஒரே ஒரு தடவைதான்.

எழுபதுகளின் நடுவில் ஒரு கிருத்திகை நாள். மலைக்குப் போகிற கூட்டத்தின் அரோகரா சத்தம் கோர்ட் ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருந்தது. கூண்டில் நின்றவருக்கு நாற்பது வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, வெளுத்த சட்டை. பெயர் கன்னியப்பன். குற்றம் சாட்டப்பட்டவரை எங்கள் கோர்ட் பாஷையில் எதிரி என்போம். எதிரிக்கு சார்ஜ் ஷீட்டைப் படித்துக் காட்ட வேண்டியது என் வேலை.

பள்ளிப்பட்டுக்கு அப்பால் ஒரு கிராமத்தில் திருவிழாக் கூத்து. அதில் கன்னியப்பன் கட்டியக்காரன் வேஷம் கட்டியிருந்தார். ராஜா வருவதற்கு முன்னால் வந்து, ராஜாவையும் ஊரையும் கிண்டல் செய்து சிரிக்க வைக்கிற வேஷம் அது. அந்த வேஷத்தில் இருந்தபடி, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ரைஸ் மில் முதலாளி ரங்கநாதத்தைப் பார்த்து ஓர் ஆபாச வார்த்தை சொன்னார் என்பது குற்றச்சாட்டு. பொது இடத்தில் ஆபாசமாகப் பேசிய செக்‌ஷன். மூன்று மாதம் வரை ஜெயிலுக்கு அனுப்பலாம்.

வார்த்தையைச் சார்ஜ் ஷீட்டில் மேற்கோள் போட்டு எழுதியிருந்தார்கள். நான் அதைச் சத்தமாகப் படித்தேன். இங்கே எழுதவில்லை. ஒரு மனிதனின் தாயைக் குறித்த வார்த்தை என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் நின்ற டவாலிச் சேவகன் தலையைக் குனிந்துகொண்டான். கூத்தில் கேட்டவர்கள் சிரித்தார்களாம். நான் படித்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. காகிதத்தில் அந்த வார்த்தை மட்டும்தான் இருந்தது. அதற்கு முன்னால் என்ன பேச்சு நடந்தது, பின்னால் என்ன நடந்தது என்று ஒரு வரிகூட இல்லை.

“குத்தத்தை ஒத்துக்கிடுதியா?” என்று மாஜிஸ்திரேட் கேட்டார். அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மாற்றலாகி வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

கன்னியப்பன் தன் வக்கீல் சம்பந்தத்தைப் பார்த்தார். வக்கீல் லேசாகத் தலையாட்டினார்.

“இல்லீங்க” என்றார் கன்னியப்பன்.

2. மில்காரர் சாட்சி

முதல் சாட்சி ரங்கநாதம். தும்பைப்பூ வேட்டி, நெற்றியில் விபூதி. குரலை உயர்த்தாமல் பேசினார்.

“கூத்துக்கு எதிரி நான் இல்லீங்க ஐயா. வருஷா வருஷம் அந்தக் கூத்துக்குப் பந்தலும் விளக்கும் என் செலவுதான். கட்டியக்காரன்னா நாலு பேச்சு பேசுவான், தெரியும். மணியக்காரரைக் கிண்டல் பண்ணுவான், கணக்கப்பிள்ளையைக் கிண்டல் பண்ணுவான். எல்லாரும் சிரிச்சிகினு போவோம். இது அப்படி இல்லீங்க. என் மூஞ்சப் பாத்து சொன்னான். எம்பொண்ணு பக்கத்துல குந்திகினு இருந்திச்சி.”

மாஜிஸ்திரேட் கேட்டார்: “அந்த வார்த்தைக்கு முன்னாடி என்ன பேச்சு?”

“ஏதோ மழை, கெணறுன்னு ஒளறிகினு இருந்தான் ஐயா. கவனிக்கல.”

அதை எழுதிக்கொண்டிருந்த நான் நிமிர்ந்து கூண்டைப் பார்த்தேன். கன்னியப்பனின் கைகள் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தன.

அன்று மத்தியானம் சாப்பாட்டு வேளையில், கூத்துக் குழுவில் ஆர்மோனியம் வாசிக்கிற பெரியவர் கோர்ட்டுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். நான் போய் விசாரித்தேன். கிளார்க் அப்படி விசாரிக்கக் கூடாது. ஆனாலும் விசாரித்தேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

“ராஜா வேஷம் வந்து, நாட்டுல மாதம் மும்மாரி பெய்யுதான்னு கேப்பான் சார். அது எப்பவும் கேக்கறதுதான். பெய்யுது ராஜான்னு இவன் சொல்லணும். அன்னிக்கி இவன் இன்னா சொன்னான் தெரியுமா? மழை எங்க ராஜா, கெணறு வெட்டிகினு கீறோம்ன்னான். ராஜா வேஷம் கட்டினவனுக்கு ஒண்ணும் புரியல. சமாளிச்சிகினு, கெணத்துல தண்ணி வந்துச்சான்னு கேட்டான். வந்துச்சி ராஜா, ஒரு ஆள எறக்கி வுட்டதும் செவப்பா வந்துச்சின்னான். கூட்டம் அப்படியே அடங்கிப்போச்சி சார். யாருடா எறக்கி வுட்டதுன்னு ராஜா கேட்டான். அதோ நாற்காலில குந்திகினு கீறாரேன்னு கையக் காட்டி, அந்த வார்த்தைய சொன்னான்.”

“எந்தக் கிணறு?” என்றேன்.

“மில்காரர் கெணறுதான். கன்னியப்பனோட அக்கா வூட்டுக்காரன் எத்திராஜு அதுல வெடி வெக்கிறவன். ஏழு குழி வெச்சதுல ஒண்ணு வெடிக்கல. இன்னிக்கி எறங்க வேணாம், நாளைக்கிப் பாக்கலாம்ன்னான். இவரு மேல நின்னுகினு எறங்குடா எறங்குடான்னாரு. எறங்கினான். அது வெடிச்சிடுச்சி. குடிச்சிட்டு வுழுந்துட்டான்னு எழுதி முடிச்சிட்டாங்க சார். அவன் மோரத் தவிர ஒண்ணும் குடிக்க மாட்டான்.”

கூத்துக்கு எட்டு மாதம் முன்பு நடந்த சாவு. எந்த கேஸும் இல்லை. ஒரு காகிதத்திலும் ரங்கநாதத்தின் பெயர் வரவில்லை.

3. சென்னையிலிருந்து வந்த விமர்சகர்

கிணற்றைப் பற்றி வக்கீல் சம்பந்தம் கோர்ட்டில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வராந்தாவில் நான் பேச்செடுத்தபோது கையை உதறினார்.

“அதச் சொன்னா கேஸ் முடிஞ்சிது, சார். இவனுக்கு அந்த ஆள் மேல கோவம் இருந்துச்சி, அதனாலதான் திட்டினான்னு ஆயிடும். நான் வேற வழியில போறேன். இது கலை. கலையில யாரும் யாரையும் திட்டறது இல்ல.”

அதற்காகவே சென்னையிலிருந்து ஒருவரை டிபன்ஸ் சாட்சியாகக் கூட்டிவந்தார். நாட்டியம், நாடகம், கூத்து பற்றிப் பத்திரிகைகளில் எழுதுகிற விமர்சகர். கதர் ஜிப்பா, தடித்த கண்ணாடி. கூண்டில் ஏறிச் சத்தியம் செய்துவிட்டு ஒரு மணி நேரம் பேசினார். உண்மையிலேயே நன்றாகப் பேசினார். கூத்து பார்க்கிற பழக்கம் இருந்தும் எனக்குத் தெரியாத பல விஷயங்களை அன்று தெரிந்துகொண்டேன். படிக்காதவன் பொழுதுபோக்கு என்று நாங்கள் ஒதுக்கி வைத்திருந்ததை, ஒரு படித்த மனிதர் நீதிபதி முன்னால் நின்று கலை என்று சொன்னது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அரசு வக்கீல் எழுந்தார். “இதே வார்த்தையை ஒருத்தன் பஸ் ஸ்டாண்டில் சொன்னால்?”

“அது வசவு.”

“கூத்தில் சொன்னால் மட்டும் எப்படிக் கலை ஆகும்?”

“முகத்தில் அரிதாரம் இருக்கிறது. தலையில் குல்லாய் இருக்கிறது. பின்னால் தாளம் இருக்கிறது. கேட்கிறவர்கள் கூத்து கேட்க வந்திருக்கிறார்கள். இத்தனையும் சேர்ந்துதான் அந்த வார்த்தைக்கு அர்த்தம் தருகின்றன. பிய்த்துத் தனியாக எடுத்தால் வெறும் வசவுதான் மிஞ்சும்.”

மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார். “சொல்லுகிறவன் மனசில் என்ன நினைத்தான் என்பது முக்கியம் இல்லையா?”

“இல்லை ஐயா. கட்டியக்காரன் தன் சொந்தப் பேச்சைப் பேசுவதில்லை. பரம்பரையாக வந்த வேஷம் அவன் வாய் வழியாகப் பேசுகிறது. அவனுக்கே அதன் முழுப் பொருள் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது.”

“கிணற்றில் சிவப்பாகத் தண்ணீர் வந்தது என்று ஏதோ சொன்னானாமே?” ரங்கநாதம் உளறல் என்று ஒதுக்கிய பேச்சை மாஜிஸ்திரேட் மறக்கவில்லை. யாரிடமோ விசாரித்திருந்தார் போலிருக்கிறது.

விமர்சகர் முகம் மலர்ந்தது. “அற்புதமான இடம் அது. சிவந்த நீர் என்பது யுத்தத்தின் குறியீடு. ராஜா கேட்பது மழையை, கிடைப்பது ரத்தம். அதிகாரம் என்பதைப் பற்றிய பழைய ஞானம் அதில் இருக்கிறது.”

நான் அதை எழுதினேன். எழுதிக்கொண்டே கன்னியப்பனைப் பார்த்தேன். அவர் விமர்சகரையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இல்லை அந்த முகத்தில். சொந்தக்காரன் செத்த வீட்டில் யாரோ வந்து வேறு பெயர் சொல்லி அழுதால் எப்படிப் பார்ப்போம், அப்படிப் பார்த்தார்.

4. மூன்று தெலுங்கு வாக்கியம்

டிபன்ஸ் சாட்சி முடிந்ததும் வழக்கமாக வாதம்தான். ஆனால் மாஜிஸ்திரேட் எதிரியை மறுபடி ஒரு கேள்வி கேட்டார். அப்படிக் கேட்க அவருக்கு அதிகாரம் உண்டு.

“சாட்சி சொன்னதைக் கேட்டியா? அந்தப் பேச்சு உன் சொந்தப் பேச்சு இல்லை, வேஷத்தோட பேச்சு என்கிறார். நீ என்ன சொல்லுதே?”

வக்கீல் சம்பந்தத்துக்கு உயிர் வந்தது. கேள்வியிலேயே பதில் இருந்தது. ஆமாம் என்று ஒரு தலையாட்டு போதும்.

கன்னியப்பன் தலையாட்டவில்லை. தன் வீட்டுப் பாஷையில், தெலுங்கில், தாழ்ந்த குரலில் சொன்னார்:

“காவாலனே அன்னானு. ஆயன்னி சூஸே அன்னானு. அதி நா மாட்ட.”

வேண்டுமென்றுதான் சொன்னேன். அவரைப் பார்த்தேதான் சொன்னேன். அது என் பேச்சு.

மாஜிஸ்திரேட்டுக்குத் தெலுங்கு தெரியாது. அரசு வக்கீல் தஞ்சாவூர்க்காரர், அவருக்கும் தெரியாது. அவர் அதற்குள் அடுத்த கேஸ் கட்டைப் பிரித்து வைத்திருந்தார். ரங்கநாதம் அன்று வரவில்லை. எல்லைப் பக்கத்துக் கோர்ட் என்பதால் தெலுங்கில் யாராவது பேசினால் நான்தான் சொல்ல வேண்டும். எல்லை மாறித் தமிழ்நாட்டோடு சேர்வதற்கு முன்னால், எங்கள் ஊர் ஆந்திராவில் இருந்த காலத்தில் பள்ளிக்கூடம் படித்தவன் நான். தமிழ் மாதிரியே தெலுங்கும் வரும்.

“என்ன சொல்லுதாரு?” என்று மாஜிஸ்திரேட் என்னைக் கேட்டார்.

சம்பந்தம் என்னைப் பார்த்தார். கண்ணை மட்டும் ஒரு தடவை மூடித் திறந்தார்.

நான் யோசித்த நேரம் ஐந்து விநாடிகூட இருக்காது. கன்னியப்பனுக்கு நான்கு பிள்ளைகள் என்று ஆர்மோனியக்காரர் சொல்லியிருந்தார். மூன்று மாதம் ஜெயில் என்றால் அந்த வீடு என்ன ஆகும் என்று நினைத்தேன். இவ்வளவு பெரிய மனிதர் வந்து கலை என்று சொல்லிக் காப்பாற்றிவிட்டார், இந்த ஆள் தானே கெடுத்துக்கொள்கிறாரே என்றும் நினைத்தேன்.

“கூத்துல வர்ற பேச்சுதான், தனக்கு வேற ஒண்ணும் தெரியாதுங்கிறார் ஐயா” என்று, எழுந்து அவர் மேஜைப் பக்கம் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன்.

“அப்படியே எழுதும்” என்றார் மாஜிஸ்திரேட்.

எழுதினேன். எதிரி சொன்னதை அவருக்குப் புரிகிற பாஷையில் படித்துக் காட்டி, சரி என்று அவர் ஒத்துக்கொண்ட பிறகு கையெழுத்து வாங்க வேண்டும். அதுதான் முறை. ‘படித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொண்டார்’ என்று அடியில் எழுதினேன். படித்துக் காட்டவில்லை. பேனாவைக் கொடுத்து இடத்தைக் காட்டினேன். கன்னியப்பனுக்குத் தன் பெயரை மட்டும் தமிழில் எழுதத் தெரியும். என்னை நம்பி மெதுவாக எழுதினார்.

பத்து நாள் கழித்துத் தீர்ப்பு. விடுதலை. தீர்ப்பில் விமர்சகரின் சாட்சியம் ஒரு பக்கம் வந்தது. ‘எதிரியே தன் வாக்குமூலத்தில், அது கூத்தில் வரும் பேச்சு என்றும், தனக்கு வேறொன்றும் தெரியாது என்றும் கூறியிருப்பது கவனிக்கத்தக்கது’ என்று என் வாக்கியமும் வந்தது. சம்பந்தம் வெளியே வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்று நல்ல காரியம் செய்த திருப்தியோடுதான் வீட்டுக்குப் போனேன்.

5. வராந்தாவில்

இரண்டு மாதம் போயிருக்கும். மத்தியானம் இரண்டரை மணிக்கு கோர்ட் வராந்தாவில் கன்னியப்பன் நின்றுகொண்டிருந்தார். கையில் சுருட்டிய ஒரு பத்திரிகை. நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து, “வாப்பா, நல்லா இருக்கியா?” என்றேன்.

பத்திரிகையை நீட்டினார். “இதப் பள்ளிக்கூடத்து வாத்தியார் எங்க வூட்டாண்ட வந்து படிச்சிக் காட்டினார் சார். கேஸ் ஜெயிச்சதப் பத்தி அந்தச் சென்னை ஐயா எழுதிகீறாராம்.”

வாங்கிப் பார்த்தேன். கூத்துக்குக் கிடைத்த வெற்றி என்று கட்டுரை. கிராமத்துக் கலைஞனின் களங்கமில்லாத மனசுக்கு உதாரணமாக, ‘கூத்துல வர்ற பேச்சுதான், எனக்கு வேற ஒண்ணும் தெரியாது’ என்று அந்த எளிய மனிதன் நீதிமன்றத்தில் சொன்னதாக எழுதியிருந்தார்.

“எங்க அக்கா பக்கத்துலதான் குந்திகினு கேட்டுச்சி சார். அக்கா வூட்டுக்காரரு, எங்க பாவா, செத்ததுக்கு ஊர்ல ஒருத்தனும் வாய் தெறக்கல. நான் தெறந்தேன். அன்னிக்கி அக்கா என் கையப் புடிச்சிகினு அழுதுச்சி. இப்ப, கோர்ட்டுல போயி எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிட்டு வந்தியாடா, ஜெயிலுக்கு பயந்தியான்னு கேக்குது. பதினஞ்சி நாளா எங்கூட பேசல.” அவர் குரல் உயரவே இல்லை. “நான் அப்படியா சொன்னேன் சார்?”

“இல்ல” என்றேன்.

“பின்ன யார் சொன்னது?”

“நான்தான் சொன்னேன். உன்னைக் காப்பாத்தறதுக்காக.”

அவர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

“மூணு மாசம் உள்ள போயிருப்பேன், சார். போவணும்னுதானே சொன்னேன். ரெண்டு வருஷமா ஆடற வேஷம் அது. எந்த ஊர்ல எதச் சொல்லணும்னு நடந்து போறப்பவே யோசிச்சிகினு போவேன். செவப்புத் தண்ணின்றத நான் எட்டு மாசம் மனசுல வெச்சிகினு இருந்தேன். அந்த ஐயா, வேஷம்தான் பேசுச்சின்றார். நீ, ஒண்ணும் தெரியாதுன்னு எழுதிட்ட. அப்ப நான் யாரு சார்?”

கேஸ் முடிந்துவிட்டது, ரெக்கார்டை இனித் திருத்த முடியாது, திருத்தினால் என் வேலை போகும் என்று ஏதோ சொன்னேன். சொல்லும்போதே எனக்கு அசிங்கமாக இருந்தது. அவர் பத்திரிகையைத் திரும்ப வாங்கிச் சுருட்டிக்கொண்டு படி இறங்கிப் போனார்.

6. மங்கம்மா

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பள்ளிப்பட்டு பஸ் ஏறினேன். அங்கிருந்து நடந்து அந்த ஊருக்குப் போய் எத்திராஜுவின் வீட்டை விசாரித்தேன். கன்னியப்பனின் அக்கா மங்கம்மா வாசலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். கூலிக்கு உரிக்கிற கடலை, பக்கத்தில் மூட்டையாக இருந்தது. நான் யார் என்று சொன்னேன். எழுந்திருக்கவில்லை, உட்காரச் சொல்லவும் இல்லை.

நின்றபடியே சொன்னேன். உங்கள் தம்பி கோர்ட்டில் பயப்படவில்லை, வேண்டுமென்றுதான் சொன்னேன் என்று நீதிபதி முன்னால் சொன்னார், மாற்றி எழுதியவன் நான் என்றேன்.

“இன்னா வார்த்த சொன்னான்? அவன் சொன்ன மாதிரியே சொல்லு.”

மூன்று வாக்கியத்தையும் தெலுங்கில் சொன்னேன். கோர்ட்டில் எதைப் படித்தாலும் ஏற்ற இறக்கம் இல்லாமல் படிக்கிற வாய் என்னுடையது. அன்று கன்னியப்பன் அழுத்திய இடத்திலெல்லாம் அழுத்தினேன்.

மங்கம்மா கடலை உரிப்பதை நிறுத்தியிருந்தார்.

“அங்க எத்தினி பேர் இருந்தாங்க?”

“இருபது பேர் இருப்பாங்கம்மா.”

“தெலுங்கு தெரிஞ்சவங்க?”

“பாதிப் பேருக்குத் தெரியும்.”

“அவங்க காதுல வுழுந்துச்சா?”

“வுழுந்துச்சும்மா.”

“அப்ப செரி. அவன் சொல்லிட்டான்.” மறுபடி கடலையை எடுத்தார். “நீதான் எழுதல.”

அதற்கு மேல் அவர் என்னிடம் பேசவில்லை. அன்று சாயங்காலமே தம்பி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார் என்று பின்னால் ஆர்மோனியக்காரர் சொல்லிக் கேள்விப்பட்டேன். கன்னியப்பன் தொடர்ந்து வேஷம் கட்டினார். பஸ்ஸில் எப்போதாவது பார்த்தால் தலையசைப்பார். அதோடு சரி. நான் செய்தது அந்த மாஜிஸ்திரேட்டுக்குக் கடைசிவரை தெரியாது. மேலதிகாரிகள் யாரிடமும் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இப்போதுதான் முதல் தடவையாக எழுதுகிறேன்.

கோர்ட் வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பேச்சு வசவா, கலையா என்று போலீஸ் ஒன்று சொன்னது, மில்காரர் ஒன்று சொன்னார், படித்தவர் ஒன்று சொன்னார், நீதிபதி முடிவு கட்டினார். அவரவர் பார்வை அவரவருக்கு. விமர்சகர் சொன்னதில் பாதி சரிதான். அந்த இடமும் வேஷமும் இல்லாமல் அந்த வார்த்தைக்கு ஜீவன் இல்லை. ஆனால் அதை நினைத்து, காத்திருந்து, துணிந்து சொன்ன ஒரு ஆள் இருந்தார். அவரைக் கேட்டார்கள். அவர் பதில் சொன்னார். அத்தனை பேரில் அந்தப் பதிலை அழித்தவன் நான் ஒருவன்தான், அதுவும் அவருக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு.

அதற்குப் பிறகு ஓய்வு பெறுகிற நாள்வரை, எழுதியதைப் படித்துக் காட்டாமல் ஒருவரிடமும் கையெழுத்து வாங்கியதில்லை. நேரமாகிறது என்று எரிச்சல்பட்ட மாஜிஸ்திரேட்டுகள் உண்டு, கேலி செய்த வக்கீல்கள் உண்டு. ஒவ்வொரு வரியாகப் படித்து, “இதுதானே நீங்க சொன்னது?” என்று கேட்பேன். ஆமாம் என்று அவர் வாயால் சொல்லும்வரை பேனாவைக் கொடுக்க மாட்டேன்.